மிச்சம் பிடித்த குரல்

9

போன வாரம் தில்மான் தொலைபேசியில் "சரி" என்று சொன்னதோடு விட்டோம். வெளியூரிலிருந்து வரவேண்டிய டெனர் என்கிற மேல்குரல் பாடகருக்குக் கடுங்காய்ச்சல். எங்கள் ஊர்த் தேவாலயத்தில் பெரிய வெள்ளியன்று பாடும், ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் இசைக்கு, கதையைச் சொல்கிற சுவிசேஷகன் இல்லை. பாடகர் குழுவை நடத்துகிற க்ளெம் அம்மாள் கொஞ்ச நேரம்தான் கையைப் பிசைந்தார். உடனே தில்மானைக் கூப்பிட்டுவிட்டார்.

தில்மான் லைப்சிக்கில் பாட்டுப் படிக்கிற இரண்டாம் ஆண்டு மாணவன். வகுப்பில் அப்போது கற்றுக்கொண்டிருந்ததும் அதே பகுதிதான். அம்மாவையோ அக்காவையோ ஒரு வார்த்தை கேட்காமல் ஒப்புக்கொண்டான். அப்படியொரு வாய்ப்புக்காக மற்ற மாணவர்கள் தவம் கிடப்பார்கள். இவனுக்கு, கடைக்குப் போய்ப் பற்பசை வாங்கி வா என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது. சந்தோஷம் வரும் வரும் என்று இரண்டு நாள் காத்திருந்தான். வரவில்லை.

சந்தோஷம் மட்டுமா, அந்த வீட்டில் நவம்பரிலிருந்து எதுவுமே வரவில்லை. தில்மானின் அப்பா ரைமார் வண்டிக்குக் குளிர்கால டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது கராஜிலேயே சாய்ந்து போனார். அக்டோபரில் செய்திருக்க வேண்டிய வேலை. நாளைக்கு, நாளைக்கு என்று நவம்பர் வரை இழுத்தடித்திருந்தார். மூன்று சக்கரங்களை மாட்டி முடுக்கியிருந்தார். நாலாவதை அடக்கத்துக்கு மறுநாள் மகள் யூடித் மாட்டினாள். அடக்கத்தன்று யாரும் பெரிதாக அழவில்லை. வந்தவர்களுக்கு உருளைக்கிழங்கு சாலட் பரிமாறினார்கள். எங்கள் ஊரில் சாவுக்கும் அதுதான், கல்யாணத்துக்கும் அதுதான்.

குளிர்கால டயரை அக்டோபரில் மாட்டி ஈஸ்டருக்குக் கழற்றிவிட வேண்டும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. இதோ ஈஸ்டர் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து யூடித்துக்கு இரண்டு தடவை நினைவூட்டியாயிற்று. அவளும் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா கடைசியாகக் கை வைத்து முடுக்கிய போல்ட்டுகள் அவை. அவற்றைக் கழற்ற அந்த வீட்டில் யாருக்கும் கை வரவில்லை.

பச்சை வியாழன். பெரிய வெள்ளிக்கு முந்தின நாளை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வீட்டுக்கு வீடு பசலைக்கீரையும் அவித்த உருளைக்கிழங்கும் பொரித்த முட்டையும். அம்மா அல்மூட்டும் சமைத்தாள். ரைமார் இருந்தபோது கீரையில் ஜாதிக்காய் துருவிப் போடுவாள். இந்த வருஷம் உப்புப் போட்டாளா என்பதே சந்தேகம். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். கீரை சப்பென்று இருந்ததை யாரும் சொல்லவில்லை.

காலையில் எழுந்ததிலிருந்தே தில்மானுக்குத் தொண்டையில் ஒரு கரகரப்பு. வலி என்று சொல்ல முடியாது. உள்ளே யாரோ உப்புத்தாள் வைத்து ஒரு இழுப்பு இழுத்த மாதிரி. சேஜ் இலைத் தேநீர் போட்டுக் குடித்தான், கொப்பளித்தான், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டான். பாடகர்கள் எந்த நாளும் இப்படித்தான் செய்வார்கள் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. அவனும் சொல்லவில்லை. சொன்னால் க்ளெம் அம்மாளுக்கு ரத்த அழுத்தம் ஏறும். அந்த ஊரில் மூன்றாவது டெனருக்கு எங்கே போவது?

அவனுக்குப் பயமும் இல்லை. அதுதான் அவனையே உறுத்தியது. போன மாதம் லைப்சிக் ஆசிரியர் பியானோவை மூடி வைத்துவிட்டு, "ஒரு சுரம்கூடத் தப்பல. ஆனா நீ பாடறதக் கேட்டா ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கு," என்றார். வேறு மாணவனாக இருந்தால் ராத்திரி தூங்கியிருக்க மாட்டான். தில்மான் நன்றி சொல்லிவிட்டு, வெளியே போய் ஒரு சாண்ட்விச் வாங்கிச் சாப்பிட்டான்.

சாப்பிட்ட தட்டுகளை யூடித் கழுவினாள், தில்மான் துடைத்தான். யூடித் ஊர் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். பாட்டில் அவளுக்கு ஆனாவும் தெரியாது, ஆவன்னாவும் தெரியாது. அந்த வீட்டில் மூன்று பேர் பாடினார்கள், கேட்டுக்கொண்டிருக்க ஒருத்தியாவது வேண்டுமே என்று ரைமார் அவளைக் கிண்டல் செய்வார்.

"இன்னிக்கு ஒத்திகையில முழுக் குரல்ல பாடுவியா?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"சும்மாதான் கேட்டேன்."

"பாட மாட்டேன். நாளைக்கு வேணும்ல. இன்னிக்கு மிச்சம் பிடிக்கணும்."

பாடகர்களிடையே இது பழைய வழக்கம். நிகழ்ச்சிக்கு முந்தின நாள் ஒத்திகையில் தனிப்பாடகர்கள் முழுக் குரலைச் செலவழிக்க மாட்டார்கள். உயரமான இடங்களைக் கீழே இறக்கி, வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக் கடந்துவிடுவார்கள். கேட்கிறவர்களும் மரியாதையாகப் புரிந்துகொள்வார்கள். புரியாதவள் யூடித் ஒருத்திதான். கையில் இருப்பதை இன்றைக்குக் கொடுக்காமல் நாளைக்கு என்று மூட்டை கட்டி வைக்கிற புத்தி எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"அந்த அழுகிற இடத்தையாவது பாடேன்டா. ஒரே ஒரு தடவை."

"முதல்ல அந்த இடத்தைத்தான் மிச்சம் பிடிக்கணும். உனக்குச் சொன்னா புரியாது யூடித். ஏன், அம்மா ஏதாவது சொன்னாங்களா?"

"எனக்குத் தெரியாது," என்றாள் யூடித்.

தெரியும். முந்தின நாள் சாயங்காலமே அல்மூட் சிறிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வண்டியின் பின்பக்கத்தில் வைக்கச் சொல்லியிருந்தாள். ஒத்திகை முடிந்ததும் நேராக ரயில் நிலையம். அங்கிருந்து வடக்கே, கடலோரத்தில் இருக்கிற அவளுடைய அக்கா ரோஸ்விதா வீட்டுக்கு. எப்போது திரும்பி வருவீர்கள் என்று யூடித் கேட்டதற்கு, வீட்டுச் சாவியை மேஜைமேல் வைத்தாள். அவ்வளவுதான் பதில்.

"நாளைக்குப் பாட்டு இருக்கேம்மா. தில்மான் பாடறான்."

"அதனாலதான் இன்னிக்குப் போய்க் கேக்கப் போறேன். ஒரு தடவை அவன் குரலைக் கேட்டுட்டுப் போயிடறேன். அவன்கிட்ட இப்ப சொல்லாத. சனிக்கிழமை சொல்லு. பாடப்போற பையன் மனசைக் கலைக்கக் கூடாது."

அல்மூட் ஏன் போகிறாள் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அது அவளுக்கும், பாடகர் குழுவில் அவள் பக்கத்தில் நிற்கிற க்றிஸ்டலுக்கும் மட்டுமே தெரியும். குழுவில் அல்மூட் ஆல்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல், இரண்டாம் வரிசை. ரைமாரின் அடக்கத்துக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமைப் பயிற்சியைக்கூட அவள் தவறவிட்டதில்லை. எவ்வளவு திடமான மனுஷி என்று ஊர் மெச்சியது. ஆனால் நவம்பரிலிருந்து அவளிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நோட்டைப் பிரித்துப் பிடித்து, சரியான இடத்தில் பக்கம் திருப்பி, வாயை மட்டும் அசைப்பாள். பயிற்சியில் அப்படி நிற்கலாம். பெரிய வெள்ளியன்று, ஊரே கறுப்பு உடுத்தி வந்து உட்கார்ந்திருக்கும்போது வாயசைத்து ஏமாற்ற அவளால் முடியாது. அவள் அப்படி வளர்க்கப்படவில்லை.

அழ முடிந்தாலாவது அழலாம். அதுவும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னம் மரத்துப் போகுமே, அதுபோல நெஞ்சு முழுவதும் மரத்துக் கிடந்தது.

மத்தியானம் மூன்று பேரும் தேவாலயத்துக்குப் போனார்கள். உள்ளே வெளியில் இருப்பதைவிடக் குளிர். வயலின்காரர்கள் மேல்கோட்டைக் கழற்றவில்லை. க்ளெம் அம்மாள் கைவிரல் வெட்டிய கம்பளிக் கையுறையோடு மேடையேறினார். தில்மான் நடுவில் நின்றான். அல்மூட் தன் இடத்தில். யூடித் பின்னால், தூண் பக்கத்துப் பெஞ்சில் தனியாக.

ஒத்திகை நன்றாகத்தான் போனது. தில்மான் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தான், அரைக் குரலில், தெளிவாக, ஒரு தடுமாற்றமும் இல்லாமல். தோட்டம், தீப்பந்தங்கள், கைது, நீதிமண்டபத்து முற்றம். செல்லோக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் பையன் தேறிவிட்டான் என்றார்.

பிறகு ஆண்டவரின் சீடர் பேதுரு வந்தார். பேதுருவின் சின்னப் பகுதியை ஊர்க்காரர் ஒருவர், பாஸ் என்கிற கனத்த குரல்காரர்களின் வரிசையிலிருந்து முன்னால் வந்து பாடுவது எங்கள் வழக்கம். வருஷா வருஷம் அது ரைமாருடையது. கைதான குருவை, அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது என்று பேதுரு மறுக்கிற இடத்தைப் பாடி முடித்ததும் ரைமார் ஆல்டோ வரிசையைப் பார்த்து லேசாகக் கண்ணடிப்பார். பெரிய வெள்ளியிலும் அடிப்பார். க்ளெம் அம்மாள் பல்லைக் கடிப்பார். அல்மூட் நோட்டால் முகத்தை மறைத்துக்கொள்வாள்.

இந்த வருஷம் கூரை வேய்கிற டெட்லெஃப் முன்னால் வந்தார். நல்ல மனுஷன், கனத்த குரல். கொஞ்சம் அவசரமாக, ஆனால் சரியாகவே பாடினார். மறுத்தார். மறுபடியும் மறுத்தார். முடித்ததும் ஆல்டோ வரிசையில் நாலைந்து பேர் பழக்கதோஷத்தில் அல்மூட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்கள். அல்மூட் பக்கம் திருப்பினாள்.

அடுத்தது அந்த இடம். சேவல் கூவுமுன் நீ என்னை மறுப்பாய் என்று ஆண்டவர் முன்பே சொன்னபடி சேவல் கூவிவிட்டது. பேதுரு வெளியே போய்த் தேம்பி அழுத சேதியைச் சுவிசேஷகன் சொல்ல வேண்டும். மற்ற இடமெல்லாம் சும்மா செய்தி சொல்வதுதான் அவன் வேலை. அழுகிறவன் வேறு, அழுதான் என்று சொல்கிறவன் வேறு. இந்த ஒரு இடத்தில் மட்டும் சொல்கிறவனுக்கே சுரம் நீண்டு நீண்டு, வளைந்து வளைந்து, டெனரின் உச்சிவரை ஏறி இறங்கும். சாதாரணமாகப் பாடகர்கள் பயப்படுகிற இடம்.

க்ளெம் அம்மாள் கோலைக் கீழே இறக்கினார்.

"தில்மான் குரலை மிச்சம் பிடிக்கட்டும். இதை விட்டுட்டு நேரா நாம எல்லாரும் சேர்ந்து பாடற அடுத்த கோரலுக்குப் போயிடுவோம். எல்லாரும் பக்கம் திருப்புங்க."

அன்பாகத்தான் சொன்னார். தில்மான் நன்றியோடு தலையசைத்தான். ஐம்பது நோட்டுகளும் ஒரே நேரத்தில் சரசரத்தன. அல்மூட்டும் திருப்பினாள். அவள் எதைக் கேட்க வந்தாளோ அது அந்தச் சரசரப்பில் போய்விட்டது. முகத்தில் ஏமாற்றம்கூடத் தெரியவில்லை.

"தாண்டாதீங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தூண் பக்கத்தில் யூடித் எழுந்து நின்றிருந்தாள். ஒத்திகையின் நடுவில் பெஞ்சிலிருந்து ஒருவர் வாய் திறப்பது எங்கள் ஊரில் அதுவரை நடந்ததில்லை. பாதிரியாரே அடக்கமாக இருமுவார்.

"யூடித், உட்காரு," என்றாள் அல்மூட். அந்த மாதங்களில் குழுவின் நடுவிலிருந்து வெளிவந்த அவளுடைய முதல் சத்தம் அதுதான்.

"அம்மா நாளைக்கு இருக்க மாட்டாங்க. சாயங்கால ரயில்ல பெரியம்மா வீட்டுக்குப் போறாங்க. உன் பாட்டை இன்னிக்கு மட்டும்தான் கேக்கப் போறாங்க தில்மான். சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருந்தேன். சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். காது நுனி சிவந்திருந்தது. டெட்லெஃப் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தில்மான் அம்மாவைப் பார்த்தான். அம்மா நோட்டைப் பார்த்தாள். இல்லை, போகவில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தொண்டையில் உப்புத்தாள் இன்னும் இருந்தது. காலையைவிடக் கொஞ்சம் கூடவே. இன்றைக்கு முழுக் குரலில் ஏறினால் நாளைக்கு என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். பாட்டுப் படிப்பவனுக்கு முதல் பாடமே அதுதான். க்ளெம் அம்மாளைப் பார்த்து, கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பிக்கலாமா என்று கேட்டான். அவர் மறுபேச்சில்லாமல் ஆர்கனுக்குக் கை காட்டினார்.

பாடினான்.

அற்புதம் நடந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடக்கவில்லை. யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. அவன் கண்ணிலும் நீர் வரவில்லை. குரல் மட்டும் வந்தது, முழுசாக, ஒன்றும் பிடித்து வைக்காமல், அந்தக் குளிர்ந்த கட்டடத்தின் கூரைவரை போய் முட்டித் திரும்பியது. நீண்ட வளைவில் ஏறினான். உச்சியில் ஒரு இடத்தில் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நிறுத்தாமல் அதையும் தாண்டி மெல்ல இறங்கி, கடைசிச் சுரத்தில் வந்து நின்றான். இறங்கும்போது அப்பா நினைவுக்கு வருவார் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. கீரையில் ஜாதிக்காய் இல்லாதது நினைவுக்கு வந்தது.

க்ளெம் அம்மாள் கோலைத் தூக்க மறந்து நின்றார். பிறகு நினைவு வந்து தூக்கினார். குழு கோரலைப் பாடியது.

அப்போது க்றிஸ்டல் ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தாள். அல்மூட் நோட்டை மூடி நெஞ்சோடு பிடித்திருந்தாள். அவள் வாய் அசையவில்லை. மற்றவர்கள் பாட, நடுவில் வாயை மூடி, ஒளிவுமறைவில்லாமல் சும்மா நின்றாள்.

சாயங்காலம் வண்டியில் அல்மூட் முன்னால், தில்மான் பின்னால். தன் பையை வைக்கப் பின்பக்கத்தைத் திறந்தபோது பெட்டியைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் அதன் மேலேயே பையை வைத்து மூடினான். யூடித் வண்டியை எடுத்தாள். காய்ந்த சாலையில் குளிர்கால டயர்கள் உறுமிக்கொண்டே வந்தன.

ரொட்டிக்கடை முனையில் சாலை பிரியும். இடது பக்கம் நிலையம், வலது பக்கம் வீடு. யூடித் எந்தப் பக்கத்து விளக்கையும் போடாமல் வண்டியை மெதுவாக்கினாள். பின்னால் வந்தவர் ஹாரன் அடித்தார்.

"வீட்டுக்கே விடு," என்றாள் அல்மூட்.

"ரயில்?"

"போகட்டும். நாளைக் கழிச்சுப் பாக்கலாம். க்ளெம்கிட்ட சொல்லிட்டேன், நாளைக்கு என் இடத்துல நிப்பேன், ஆனா பாட மாட்டேன், வாயையும் அசைக்க மாட்டேன்னு. கறுப்பு உடுத்திட்டு வந்து நின்னா போதும்னாங்க."

யூடித் வலது பக்கம் திருப்பினாள். அல்மூட் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே, "நீ நாளைக்கும் அந்த இடத்தை அப்படியே பாடு தில்மான். டெட்லெஃப் மறுக்கிற இடத்துல அவசரப்படறான். அவனுக்குக் கொஞ்சம் நேரம் கொடு. உங்கப்பா பாடறப்பவும் அப்படித்தான் கொடுக்கணும்," என்றாள். நவம்பருக்குப் பிறகு ரைமாரைப் பற்றி அவள் வாயில் வந்த முதல் பேச்சு அது.

சரிம்மா என்று சொல்லத் தில்மான் வாயைத் திறந்தான்.

காற்றுதான் வந்தது. செருமிவிட்டு மறுபடியும் சொல்லிப் பார்த்தான். ஓட்டைக் குழாயில் ஊதின மாதிரி ஒரு சீறல். அதற்குள் ஒரு எழுத்துகூட இல்லை.

அல்மூட் திரும்பினாள். இருக்கையின் இடைவெளி வழியாக அவன் முகத்தைப் பார்த்தாள். அத்தனை மாதமும் சுவர்போல இருந்த அந்த முகத்தில் பயம் வந்தது. அப்பட்டமான பயம். அதைப் பார்த்ததும் தில்மானுக்கும் முதல்முறையாகப் பயம் வந்தது. கழுத்துத் துண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"வண்டியை நிறுத்து யூடித்."

ஓரமாக நிறுத்தினாள். அல்மூட் இறங்கி, பின்கதவைத் திறந்து மகன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் கழுத்துக் கம்பளியை அவிழ்த்து அவன் கழுத்தில் இருந்த துண்டுக்கு மேல் இறுக்கிச் சுற்றினாள். அவன் மறுபடியும் வாயெடுத்தான். அவள் உள்ளங்கையை அவன் வாய்மேல் வைத்தாள்.

"பேசாத. ஒரு வார்த்தை பேசாத," என்றாள். அவளுடைய குரல் உடைந்திருந்தது. "மருந்துக்கடைச் சாவி கையில இருக்கா யூடித்?"

இருந்தது. யூடித் வண்டியைத் திருப்பினாள்.